‘தெர்மல் ரன்அவே’க்குத் தமிழ்: வெப்ப ஓட்டமா, கட்டறுப்பா, தறிகேடா?

வாலாஜாபேட்டை (மொழிபெயர்ப்பு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்து மின்ஸ்கூட்டர் பட்டறைகளில் சுவரில் ஒட்டுவதற்காக இரண்டு பக்கத் தாள் ஒன்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. பாதிச் சொற்களில் தகராறு இல்லை: நேர்முனை, எதிர்முனை, மின்பகுளி (இரு முனைக்கும் நடுவே அயனி போய்வரும் திரவம்), பிரிப்பான் (முனைகள் ஒட்டாமல் தடுக்கும் மெல்லிய தாள்). செல், பேக் (செல்கள் சேர்ந்த தொகுப்பு), சார்ஜர், பிஎம்எஸ் (பேக்கைக் கண்காணித்து, மிஞ்சினால் மின்னோட்டத்தை நிறுத்தும் சுற்று) ஆகியவற்றைப் பட்டறை வழக்கப்படியே விட்டிருக்கிறது. சிக்கிக்கொண்ட இடம் ‘தெர்மல் ரன்அவே’, அதாவது செல்லுக்குள் பிறக்கும் சூடு மேலும் சூட்டைக் கிளப்பிக் கைமீறிப் போவது. வரைவில் இருப்பது இது:

> லித்தியம் பேட்டரியில் வெப்ப ஓட்டம் ஏற்பட்டால் லித்தியம் தீ உண்டாகும். லித்தியம் தண்ணீருடன் வினைபுரியும் என்பதால் லித்தியம் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மணல் கொட்டி மூடவும்.

‘வெப்ப ஓட்டம்’ காதுக்கே உறுத்துகிறது. ஏன் தப்பு என்பதோடு மாற்றுச் சொல்லும் தாருங்கள். தூரத்திலிருந்து படிக்கிற தாள். சொல் நீளமாகப் போகக் கூடாது.

காட்பாடி (வேதியியல்) எழுதியது:

சொல்லைப் பிறகு பார்ப்போம் ஐயா. அந்தப் பத்தியை இப்படியே ஒட்டினால் ஆபத்து. ‘லித்தியம் தீ’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு நெருப்பு கிடக்கிறது. ஒன்றுக்குத் தண்ணீர் எமன், மற்றதற்குத் தண்ணீர்தான் மருந்து.

முதலாவது லித்தியம் உலோகம். வெள்ளி நிறம், கத்தியால் வெட்டலாம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.534 கிராம். மண்ணெண்ணெயிலேயே மிதக்கும். ஆகவே சோடியத்தைப் போல எண்ணெய்க்குள் அமுக்கி வைக்க வழியில்லை. மேலே வந்து காற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வாசலின் மாதிரி களிம்பு பூசியோ ஆர்கான் நிரப்பி அடைத்தோ வைப்பார்கள். நைட்ரஜன் உதவாது. மற்றக் கார உலோகங்கள் சாதாரணச் சூட்டில் நைட்ரஜனைச் சட்டை செய்வதில்லை. லித்தியம் மட்டும் அதோடு சேர்ந்து கருத்த நைட்ரைடு ஆகிவிடும். அந்த நைட்ரைடில் ஈரம் பட்டால் அம்மோனியா நெடி வரும். காற்றில் எரிந்தால் பெரும்பகுதி சாதாரண ஆக்சைடுதான். சோடியம் பெராக்சைடும் பொட்டாசியம் சூப்பராக்சைடும் தருகிற இடத்தில், இது தன் குடும்பத்தை விட்டுவிட்டு மக்னீசியத்தைப் போல நடந்துகொள்கிறது.

தண்ணீரில் 1 கிராம் லித்தியம் போட்டால் சுமார் 1.7 லிட்டர் ஹைட்ரஜன் வரும். மிச்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு. மோல் கணக்கில் பார்த்தால் சோடியத்தைவிட அதிக வெப்பம் தருகிறது: இது சுமார் 222 கிலோஜூல், அது சுமார் 184. ஆனாலும் சோடியம் போலத் துள்ளாது, சும்மா நுரைக்கும். காரணம் உருகுநிலை. லித்தியம் உருக 180.5 டிகிரி வேண்டும், கொதிக்கிற தண்ணீரிலும் அது உருகாது. சோடியம் 98 டிகிரியிலேயே உருகி உருண்டையாகி, நொடிக்கு நொடி புதுப் பரப்பைத் தண்ணீருக்குக் காட்டும். எனவே ‘மெதுவாக வினைபுரிகிறது, சாது’ என்று லித்தியத்தை நம்பக் கூடாது. பற்றி உருகிவிட்டால் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, மணல், காங்கிரீட்டில் இருக்கும் ஈரம் எல்லாமே அதற்கு விறகு. மணலின் சிலிக்காவிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கும். அதற்கென்று இருப்பது டி வகை அணைப்பான், உலர்ந்த கிராபைட் பொடி அல்லது செம்புப் பொடி.

இரண்டாவது, ஸ்கூட்டர் பேக். அதில் ஓடுவது லித்தியம் அயனி. உலோகம் கொடுக்கவேண்டிய எலக்ட்ரானை ஏற்கெனவே கொடுத்துவிட்ட நிலை அது. பட்டறையில் டப்பா டப்பாவாக லித்தியம் கிரீஸ் இருக்கிறது. மழைநீர் பட்டு எந்த டப்பாவாவது வெடித்ததுண்டா? மனநோய்க்குத் தரும் லித்தியம் கார்பனேட் மாத்திரையைத் தண்ணீரோடுதானே விழுங்குகிறார்கள்? சோடியம் தண்ணீரில் வெடிக்கும், சோடியம் இருக்கிற உப்புக் குழம்பில் கரையும்; அதே வித்தியாசம்.

கணக்குக்கு: 48 வோல்ட், 30 ஆம்பியர் மணி, 13 செல் வரிசை கொண்ட பேக்கில் போய்வருகிற லித்தியம் சுமார் 100 கிராம். ஒரு ஆம்பியர் மணிக்கு 0.26 கிராம், பெருக்கிப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கிற பேக்கில் இதில் உலோகமாக இருப்பது பூச்சியம். அங்கே எரிவது மின்பகுளிக் கரைப்பான், கிராபைட், பிளாஸ்டிக். அதற்கு முதல் தேவை குளிர்ச்சி.

ஆகவே தாளில் ‘லித்தியம் தீ’ என்ற சொல்லே வேண்டாம். உலோகத்துக்கு ‘உலோகத் தீ’. பேக்குக்கு என்ன பெயர் என்பதுதான் நாம் தேடவேண்டியது.

குடியாத்தம் (பேட்டரி பழுது) எழுதியது:

காட்பாடி சார் சொன்னது சரி. மணல் விஷயத்தில் ஒன்று சேர்க்கணும். இது தீப்பெட்டி ஊர். தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட் எதற்கு? ஆக்சிஜனைக் கட்டுச்சோறு மாதிரி குச்சியே கூடக் கொண்டுபோகணும் என்றுதான். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி செல்லில் நேர்முனைப் பொருளும் சூடு ஏறினால் தன்னிடம் இருக்கிற ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மேலே மணல் கொட்டி மூடினால் தீ நாக்கு அடங்கும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். மணல் போர்வை வேறு. சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

சொல் எதுவானாலும், அது தீ வந்த பிறகு நடக்கிறதைச் சொல்லக் கூடாது. அதற்கு முன்னால் நடக்கிறதைச் சொல்லணும். எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்.

13 செல் வரிசை என்எம்சி பேக்குக்குச் சார்ஜர் 54.6 வோல்ட். 16 செல் வரிசை எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேக்குக்கு 58.4 வோல்ட். இரண்டையும் ‘48 வோல்ட் பேட்டரி’ என்றுதான் கடையில் கேட்பார்கள். பின் ஒன்றாகவே இருந்தால் மாற்றிச் செருகிவிடுவார்கள். 58.4-ஐ 13-ஆல் வகுத்தால் செல்லுக்கு 4.49 வோல்ட், தாங்குவது 4.2. பிஎம்எஸ் நல்லதாக இருந்தால் நடுவில் நிறுத்தும். ‘வண்டி பாதியில் நிற்கிறது’ என்று யாராவது பிஎம்எஸ்ஸைத் தாண்டி ஒயர் இழுத்திருந்தால் நிறுத்த ஆளே இல்லை.

அடுத்தது, 2 வோல்ட்டுக்குக் கீழே பல நாள் கிடந்த செல்லை உசுப்பி எழுப்புவது. அவ்வளவு கீழே போனால் எதிர்முனையில் இருக்கிற செம்புத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். வோல்ட் மீட்டர் 3.6 காட்டும், செல் செத்த செல். மூன்றாவது, செல் முனையில் நேராகச் சால்டரிங் அயர்ன் வைப்பது. நுனி 350 டிகிரி. உள்ளே பிரிப்பான் பாலிஎத்திலீன் என்றால் 130-லேயே இளகும். ஸ்பாட் வெல்டிங்தான் செய்யணும்.

வரைவுச் சொல்லுக்குப் பதில் ‘கட்டறுப்பு’ எப்படி? நம்ம பக்கம் மாடு விடும் விழாவில் மாட்டை நாமே அவிழ்த்து விடுவோம். இது மாடே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற கதை.

ஆரணி (தமிழ்) எழுதியது:

குடியாத்தம் தம்பியின் உவமை நன்று. அவிழ்ப்பதும் அறுப்பதும் வேறு என்பது இந்தப் பொருளுக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் உங்கள் பட்டறைக் காதாலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிஎம்எஸ் மின்னோட்டத்தை நிறுத்துவதை என்னவென்று சொல்கிறீர்கள்? ‘கட்-ஆஃப் ஆச்சு’, ‘கட் ஆயிடுச்சு’. சத்தத்துக்கு நடுவில் ஒருவர் ‘கட்டறுப்பு’ என்றால் மற்றவர் காதில் ‘கட்டாச்சு’ என்று விழும். ஒன்று ஆபத்து, மற்றது ஆபத்து தவிர்ந்த நிலை. எதிரெதிர்ப் பொருள்கள் ஒரே ஓசையில் வந்தால் அந்தச் சொல் சுவரேறத் தகுதியற்றது.

‘வெப்ப ஓட்டம்’ பற்றி: அதன் குற்றம் உறுத்தலோடு நிற்கவில்லை, பொருள் நேர்மாறாகிறது. இயற்பியலில் வெப்பம் ஓடுவது என்றால் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போவது. இங்கே வெப்பம் அப்படி ஓடியிருந்தால் சிக்கலே இல்லை. ஓடாமல் தங்கியதுதான் நோய். ஆங்கிலச் சொல்லில் ஓடுவது வெப்பம் கூட இல்லை. பிடிநழுவிய ஒரு நிகழ்வு ஓடுகிறது. பிடிநழுவி ஓடுவதற்குத் தமிழில் ஏற்கெனவே ‘தறிகெட்டு ஓடுதல்’ இருக்கிறது. தறி என்பது விலங்கைக் கட்டும் முளை. முளை பிடுங்கிக்கொண்டால் கயிறு எவ்வளவு வலுவானது என்பது பொருட்டில்லை. எனவே என் பரிந்துரை ‘வெப்பத் தறிகேடு’. வினையாக ‘செல் தறிகெட்டது’, ‘பேக் தறிகெடும்’ என்று இரண்டே சொல்லில் முடியும். ‘வெப்பக் கட்டுமீறல்’ என்றால் வினையாக்கும்போது ‘வெப்பம் கட்டுமீறியது’ என்று இழுக்கும். செல்லை எழுவாயாக வைக்க முடியாது.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. ஆரணியிலும் குடியாத்தத்திலும் தறி என்றால் முதலில் நினைவு வருவது நெசவு. ஆனால் தறி பழுதானால் ‘தறி நின்னு போச்சு’ என்கிறோமே தவிர யாரும் ‘தறிகேடு’ என்பதில்லை. குழப்பம் வராது.

கிராபைட் அடுக்குகளுக்குள் லித்தியம் போய் உட்காருவதற்கு வரைவில் ‘உட்புகல்’ என்று பார்த்தேன். ‘இடைச்செருகல்’ என்றே போடலாமே. சுவடிகளில் பின்னால் வந்தவர் பாட்டுக்கு நடுவே பாட்டைச் செருகுவதற்கு நாம் சொல்லும் அதே சொல். ஏடு குலையாமல் நடுவில் நுழைவது, வேண்டுமானால் திரும்ப எடுத்துவிடக்கூடியது.

ராணிப்பேட்டை (ஆலைப் பாதுகாப்பு) எழுதியது:

‘வெப்பத் தறிகேடு’க்கு என் வாக்கும் உண்டு, ஒரு நிபந்தனையோடு. இந்தச் சொல் பேட்டரிக்கு மட்டும் உரியதாக ஆகிவிடக் கூடாது. ரசாயன ஆலைகளில் வினைகலம் கைமீறிச் சூடாவதற்கும் இதே ‘ரன்அவே’தான். குளிர்விக்கும் தண்ணீர் நின்றாலோ, கலக்கி நின்று மூலப்பொருள் தேங்கி, பிறகு ஒரே மூச்சில் கலந்தாலோ வருவது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரே சொல் இருந்தால் நல்லது, ஏனென்றால் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கைத் தாளில் போட முடியாது. சொல் பொருந்துகிறதா என்று சோதிக்க இங்கே சொல்கிறேன். வினையின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிக்கும் என்று கொள்வோம். ஒரு செல் 60 டிகிரியிலிருந்து 100-க்குப் போனால் உள்ளே பிறக்கும் வெப்பம் 16 மடங்கு. வெளியே போகும் வெப்பமோ வெளிக்காற்றோடு உள்ள வித்தியாசத்தின் அளவில்தான் கூடும். வெளியே 40 டிகிரி என்றால் வித்தியாசம் 20-லிருந்து 60, மூன்றே மடங்கு. 16-க்கும் 3-க்கும் நடுவில் எங்கேயோதான் முளை பிடுங்கிக்கொள்கிறது. அந்தப் புள்ளிக்கு முன் குளிர்வித்தால் அடங்கும். தாண்டிவிட்டால் இருப்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான் நிற்கும்.

இதிலேயே நம்ம ஊர் வெயிலுக்கும் இடம் இருக்கிறது. ‘கத்திரி வெயிலில் வண்டி வெடிக்கும்’ என்பது மிகை. செல் தானாகச் சூடாக ஆரம்பிக்க 80 டிகிரிக்கு மேல் வேண்டும், வேலூர் மே மாதம் 40-ஐத் தாண்டுவதோடு சரி. ஆனால் 60 டிகிரிச் செல் ஒன்றுக்கு, வெளியே 25 என்றால் 35 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. வெளியே 40 என்றால் 20-தான். குளிர்ச்சியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே போயிற்று. தகரக் கொட்டகைக்குக் கீழ் நின்ற வண்டியை வந்த கையோடு சார்ஜில் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பெரும்பாலான செல்களின் வரம்பு. நிழலில் முக்கால் மணி நேரம் விடச் சொல்லுங்கள்.

தாளின் கடைசிப் பகுதிக்கு, செய்யவேண்டியது: பேக் உஸ்ஸென்று சீறினாலோ, வெள்ளைப் புகை விட்டாலோ, வண்டிப் பக்கம் போகாமல் மெயின் சுவிட்சில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அந்த வெள்ளைப் புகை நீராவி கிடையாது. ஆவியான கரைப்பான், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் சேர்ந்தது. மூடிய அறையில் சேர்ந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். மின்பகுளியில் இருக்கும் லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடும் தரும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து இருவர் இறந்தது புகையால் மூச்சுத் திணறித்தான். ஆள்கள் முதலில் வெளியே, கதவு திறந்தபடி. பேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீரம் வேண்டாம்.

தண்ணீர் தள்ளி நின்று, நிறைய, தொடர்ந்து. ஒரு வாளி ஊற்றிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. எரிகிற செல்லைக் காப்பாற்றுவதற்காக ஊற்றவில்லை, பக்கத்துச் செல்லைக் குளிர்விக்க ஊற்றுகிறோம். ஏபிசி பொடி அணைப்பான் தீ நாக்கைத் தட்டும், சூட்டை எடுக்காது. தோலில் மின்பகுளி பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, 2.5 சதவீதக் கால்சியம் குளுகோனேட் ஜெல் தடவி, மருத்துவமனைக்கு. தீ அடங்கிய பேக் கட்டடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி வெட்டவெளியில், குறைந்தது ஒரு நாள்.

செல்லிலிருந்து செல்லுக்குத் தாவுவதற்கும் ஒரு சொல் வேண்டும். மின்வண்டி பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதியில் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக வந்த கூடுதல் தேவைகளில் இந்தத் தாவல் சோதனையும் இருக்கிறது.

காட்பாடி எழுதியது:

தாவலுக்குச் ‘சூட்டுத் தொற்று’ என்று வைக்கலாம். ஊரில் எல்லோருக்கும் புரியும்.

‘தறிகேடு’ எனக்கும் சம்மதம், ஆனால் எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இரண்டு குறி வைப்பார்கள். வெளிச்சூடு கொடுக்காமலே நிமிடத்துக்கு 0.02 டிகிரி ஏறத் தொடங்கினால் அது தன்சூடேற்றம். நொடிக்கு 1 டிகிரி ஏறினால் அது ரன்அவே. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் மணிக்கணக்கு ஆகலாம். முதலாவதைச் ‘சூடுபிடித்தல்’ என்போம், இரண்டாவதைத் ‘தறிகெடுதல்’. சூடுபிடித்த செல்லுக்கு இன்னும் மனிதர் செய்ய ஏதாவது இருக்கிறது. தறிகெட்ட செல்லுக்கு விலகி நிற்பதும் தண்ணீரும்தான்.

நடுவில் நடப்பது: 80 முதல் 120 டிகிரிக்குள் கிராபைட்டின் மேல் உள்ள மெல்லிய காப்புப் படலம் சிதைகிறது. முதல் சார்ஜிலேயே லித்தியமும் கரைப்பானும் வினைபுரிந்து தானாக உண்டாகிய படலம் அது. அதனால்தான் அதற்குப் பின் வினை நின்றிருந்தது. படலம் போனதும் கிராபைட்டுக்குள் இருக்கிற லித்தியம் நேராக மின்பகுளியைத் தொடுகிறது. 130-ல் பாலிஎத்திலீன் பிரிப்பான், 165-ல் பாலிபுரொப்பிலீன் பிரிப்பான் இளகி இரு முனைகளும் ஒட்டும். 200-ஐ ஒட்டி என்எம்சி ஆக்சிஜன் விடத் தொடங்கும். எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பேட்டோடு இறுகக் கட்டுண்டு கிடப்பதால் அது பிந்தும், வெப்பமும் குறைவு. ‘எல்எஃப்பி தறிகெடாது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தறிகெடும், புகை விடும், அந்தப் புகையும் எரியும்.

இன்னொரு சொல்: ‘பிளேட்டிங்’. கிராபைட்டுக்குள் செருக இடமில்லாமலோ நேரமில்லாமலோ லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படிவது. வரைவில் ‘முலாம்’ என்றிருக்கிறது. முலாம் பளபளவென்று சமமாக இருப்பது, விரும்பிப் பூசுவது. இது பாசி போலவும் முள் போலவும் வளர்ந்து பிரிப்பானைக் குத்துவது. ‘லித்தியம் படிவு’, முள்ளாக நீண்டால் ‘லித்தியம் முள்’. இலவம்பாடிக் கத்தரிக்காய்க் காம்பைப் பிடித்துப் பழகிய ஊருக்கு முள் என்றால் விளக்க வேண்டாம். பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் படிவு வரும் என்று மூலத்தில் இருக்கிறது. அது நம் மூன்று மாவட்டத்துக்கும், ஏலகிரிக்குமேகூட, தேவையில்லை. இங்கே படிவுக்குக் காரணம் அதிகச் சார்ஜ், அவசரச் சார்ஜ், கிழட்டுச் செல்.

குடியாத்தம் எழுதியது:

சார், அப்படியென்றால் படிவு இருக்கிற செல்லில் உலோகம் இருக்கிறதே. முதல் மடலில் பூச்சியம் என்றீர்கள். 58 வோல்ட் சார்ஜரில் போட்ட பேக்தான் பெரும்பாலும் எரியப்போகிறது, அதற்குத் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா? தாளைப் படிக்கிறவர் இதைத்தான் முதலில் கேட்பார்.

‘தறிகெட்டது’ ஓகே. இங்கே ரெண்டு பேரிடம் வெறுமனே ‘செல் தறிகெட்டுப் போச்சு’ என்றால் என்ன புரிகிறது என்று கேட்டதில், ரெண்டு பேரும் ‘இனிமே கைக்கு அடங்காது’ என்றார்கள்.

காட்பாடி எழுதியது:

நல்ல கேள்வி. நல்ல நிலையில் இருக்கும் பேக்கில் பூச்சியம் என்றுதான் எழுதினேன். கெட்ட பேக்கில் இருக்கும். 100 கிராமில் பத்தில் ஒரு பங்கு படிந்தது என்றே வைத்துக்கொள்வோம். 10 கிராம் முழுக்கத் தண்ணீரோடு வினைபுரிந்தால் 17 லிட்டர் ஹைட்ரஜன், ஒரு பெரிய குடத்தின் கொள்ளளவு. வெட்டவெளியில் அது ஒன்றுமில்லை. பூட்டிய சிறு அறையில் கவனிக்கவேண்டியது, அங்கே ஏற்கெனவே இருக்கும் புகையே அதைவிடப் பெரிய ஆபத்து. மறுபக்கம், தண்ணீர் ஊற்றாவிட்டால் மிச்சம் இருக்கும் செல்கள் ஒவ்வொன்றாகத் தறிகெடும். ஆகவே ஊற்றலாம். திறந்த கதவு, தள்ளி நின்ற ஆள், நிற்காத தண்ணீர்.

உலோகத் தீக்கான விதி பட்டறையில் எங்கே பொருந்தும் என்றால், எங்கும் இல்லை. சாவிக்கொத்து ரிமோட்டில் இருக்கும் பட்டன் செல்லில் லித்தியம் உலோகம்தான் இருக்கிறது, சுமார் 0.1 கிராம். அதற்கு டி வகை அணைப்பான் வாங்கி மாட்ட வேண்டியதில்லை. குழந்தை அதை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். அதுவும் லித்தியம் கசிந்து வருவதில்லை. செல்லின் மின்னோட்டம் எச்சிலைப் பிரித்து எதிர்முனைப் பக்கம் காரம் உண்டாக்குவதால் வருவது. லித்தியம் மேல் போடும் பழியில் பாதி இப்படித்தான்.

ஆரணி எழுதியது:

தீ அடங்கியும் உள்ளே சூடு இருக்கிற பேக்குக்கு யாரும் பெயர் வைக்கவில்லையே. ‘நீறுபூத்த பேக்’ என்று எழுதிவிடுங்கள். ‘மீண்டும் தீப்பற்றும் வாய்ப்புள்ள பேட்டரித் தொகுப்பு’ என்று வரைவில் இருப்பதை மூச்சு விடாமல் படித்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஒற்று: ‘வெப்பத் தறிகேடு’ என்று த் போட வேண்டும். ‘வெப்ப தறிகேடு’ என்று அச்சில் வந்துவிடப் போகிறது.

வாலாஜாபேட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘லித்தியம் தீ’, ‘வெப்ப ஓட்டம்’, ‘முலாம்’ மூன்றும் நீக்கப்பட்டன. ‘உட்புகல்’ இருந்த இடத்தில் ‘இடைச்செருகல்’. பத்தி இப்போது இப்படி:

> செல் 80 டிகிரியைத் தாண்டினால் சூடுபிடிக்கலாம். சூடுபிடித்த செல் தறிகெடலாம். இதற்கு வெப்பத் தறிகேடு என்று பெயர். தறிகெட்ட செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சூட்டுத் தொற்று பரவும். வெள்ளைப் புகை எரியும், மூச்சை அடைக்கும். மெயினை நிறுத்து. வெளியே போ. கதவைத் திறந்து வை. தள்ளி நின்று தண்ணீரை நிற்காமல் ஊற்று. மணல் போட்டு மூடாதே. நீறுபூத்த பேக்கைக் கட்டடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளிக் குறைந்தது ஒரு நாள் வை.

ராணிப்பேட்டை ஐயா கேட்டபடி, சொற்பட்டியலில் ‘வெப்பத் தறிகேடு: பேட்டரிச் செல்லிலோ வினைகலத்திலோ பிறக்கும் வெப்பம், வெளியேறும் வெப்பத்தை முந்திப் பிடிநழுவுவது’ என்று பொதுவாகவே போட்டிருக்கிறது. கட்டளை வாக்கியங்களை ‘நிறுத்தவும், போகவும்’ என்று மரியாதையாக மாற்றவா என்று தெரிவியுங்கள்.

குடியாத்தம் எழுதியது:

வேணாம் அண்ணா, ‘நிறுத்து’ என்றே இருக்கட்டும். எரியும்போது யாரும் மரியாதை பார்க்க மாட்டார்கள். ஆனால் 54.6-ம் 58.4-ம் தாளிலேயே இல்லையே. தறிகெட்ட பிறகு செய்வதை மட்டும் எழுதினால் எப்படி? முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளங்கை அகல எழுத்தில்: ‘13 செல் என்எம்சி: 54.6 வோல்ட். 16 செல் எல்எஃப்பி: 58.4 வோல்ட். சார்ஜரின் முதுகைப் படித்துவிட்டுச் செருகு.’